அப்பா படத்தின் கீழே தம்பி எழுதியது

அப்பா இறந்தபோது தம்பி குவைத்தில் இருந்தான். அவனுடைய பாஸ்போர்ட் வேலை பார்க்கும் கம்பெனியில் இருந்தது. அதைக் கையில் வாங்கி, டிக்கெட் போட்டு, மதுரையில் வந்து இறங்க மூன்று நாளாவது ஆகும் என்றான். செம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருந்தது. வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று சித்தப்பா என்னைக் கேட்டார். நான் போனில் தம்பியைக் கேட்டேன்.

"எடுத்துருங்கக்கா. எனக்காக அவர அந்தப் பொட்டிக்குள்ள போட்டு வைக்க வேணாம். மொகத்த மட்டும் எப்படியாச்சும் காட்டு" என்றான்.

முகத்தைக் காட்டுவது எங்கள் பக்கத்தில் புதிய வழக்கம் இல்லை. இறந்தவரைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி, நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மாலை போட்டு, சுற்றி நாங்கள் எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். வர முடியாதவர்களுக்கு அந்தப் படம்தான் போகும். என் அம்மாவின் படம் அப்படித்தான் தபாலில் பம்பாயில் இருந்த மாமாவுக்குப் போனது. அவர் அதைச் சாமி படங்களோடு மாட்டி வைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் யாரும் அதைக் கண்டு பயந்ததாகச் சொன்னதில்லை.

அப்பாவையும் அப்படி உட்கார வைத்துப் படம் எடுத்தோம். தம்பி நிற்க வேண்டிய இடத்தில் அவன் மனைவி நின்றாள். நான் அந்தப் படத்தை என் பக்கத்தில் போட்டேன்.

பக்கம் என்று சொல்வது, எல்லார் கையிலும் இருக்கிற ஒரு தளத்தில் எனக்கு இருந்த பக்கம். தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் திண்டுக்கல்லில் நாகல் நகரில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். பத்தாவது வரை படித்தேன். கூச்ச சுபாவம். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தில் சத்தமாகச் சொல்லத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நான் அந்தப் பக்கத்தில் மட்டும் பேசுவேன். நான்கு வரி, ஐந்து வரி. மழை வந்தது, பக்கத்து வீட்டில் பூனை குட்டி போட்டது, ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டை மூன்று முறை பிரித்துத் தைத்தது, இப்படித்தான். முந்நூறு பேர் வரை இருந்தார்கள். பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள். திருப்பூர், கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று சிதறிப் போனவர்கள். எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிற என்னிடம் அங்கே அவர்கள் பேசினார்கள். நானும் பதில் சொன்னேன்.

தம்பியும் அங்கே இருந்தான். அவன் என்னைவிடக் கூச்சக்காரன். நான் எதைப் போட்டாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் 'சரிக்கா' என்பதற்கு மேல் அவன் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டைவிரல் வந்தால், அவன் வேலை முடிந்து அறைக்கு வந்துவிட்டான், நன்றாக இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

படத்தைப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் சாவுக்கு வர முடியாதவர்கள் பிறகு ஒரு நாள் வந்து துக்கம் விசாரிப்பார்கள்; அதைக் கேதம் கேட்பது என்போம். கேதம் கேட்காமல் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ள முடியாது. அன்று படத்தின் கீழே எழுதியவர்கள் அங்கேயே கேதம் கேட்டுவிட்டதாகத்தான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். தம்பி எழுதியிருப்பதாகப் போன் காட்டியது. திறந்து பார்த்தேன். தமிழில், தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தான். பெரிதாக எழுதியிருந்தான். முதல் இரண்டு வரிதான் வெளியே தெரிந்தது.

'அப்பா, நீங்க என்னய ஏர்போர்ட்டுல விட வந்த அன்னிக்கு உள்ள போகுறதுக்கு முன்னாடி'

அதோடு நின்று, மேலும் படிக்க என்று இருந்தது. தொட்டால் விரிந்திருக்கும். அதற்குள் "தூக்கப் போறாங்க, வாத்தா" என்று சித்தப்பா கூப்பிட்டார். சாவு வீட்டில் மகள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அவன் எழுதியதை அவசரமாகப் படிக்கக் கூடாது, தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். போனை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.

சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். ஆண்கள் திரும்பி வந்து, எல்லாரும் தலை முழுகி, சாப்பிட்டு, பந்தலில் ஆள் குறைந்த பிறகு சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். படம் இல்லை. படம் இருந்த இடத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. என் பதிவு அவர்களுடைய விதிகளை மீறுவதாகவும், அதிர்ச்சி தரும் காட்சி இருப்பதால் நீக்கிவிட்டதாகவும் சொன்னது. கீழே நாற்பது ஐம்பது பேர் எழுதியிருந்தது எதுவும் இல்லை. தம்பி எழுதியதும் இல்லை.

நான் அதை நம்பவில்லை. ஊரில் டவர் சரியாகக் கிடைக்காது. நெட் கோளாறில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். படத்தைத் திரும்பப் போட்டால் அடியில் இருந்ததும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தேன். சுவரில் இருந்து விழுந்த படத்தை எடுத்து மாட்டுவது மாதிரி. திரும்பப் போட்டேன். அதுவும் போனது. இன்னொரு முறை போட்டேன். மூன்றாவது தடவையில் என்னை முப்பது நாளைக்கு எதுவும் போடக் கூடாது, யாருக்கும் பதில் எழுதக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். என்ன நடந்தது என்று சொந்தக்காரர்களுக்கு அங்கே ஒரு வரி சொல்லக்கூட வழியில்லை.

நான் சொல்லாததால் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயம்புத்தூர் அத்தை, அப்பாவின் தங்கை, மகனை விட்டு எழுதச் சொல்லிக் கேதம் கேட்டிருந்தார். அதை நான் அழித்துவிட்டதாக அவருக்குச் செய்தி போயிருந்தது. எங்க கேதம் அவளுக்கு வேணாமாம் என்று சித்தப்பாவிடம் போனில் அழுதிருக்கிறார். அத்தையைச் சமாதானம் செய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது.

மறுநாள் காலையில் தம்பி கூப்பிட்டான். பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தவர்கள் இன்னும் வரவில்லை. நான் வாசலில் நின்று பேசினேன்.

"நான் எழுதுனத எடுத்துட்டியாக்கா?" என்றான்.

"நான் எடுக்கலப்பா. அவங்களா எடுத்துட்டாங்க."

"எவங்க?"

அப்பா படத்தைப் போடக் கூடாதாம், அதனால் எல்லாம் போய்விட்டது என்றேன். அங்கே ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீ படிச்சேல்ல?" என்றான்.

"படிச்சேன்ப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் குரலில் ஒரு பயம் இருந்தது. வர முடியாதவன் தனக்குப் பதிலாக எழுதி அனுப்பிய அதையும் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது. நான் படித்தேன் என்றதும் அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரிக்கா" என்று வைத்துவிட்டான்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. எப்படியும் அது திரும்பக் கிடைக்கும், கிடைத்ததும் படித்துவிடுவேன், சொன்னது உண்மையாகிவிடும் என்று இருந்தேன்.

மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். நேராகக் கேட்க முடியாது. தம்பி நன்றாக எழுதியிருந்தான் இல்லையா என்று பேச்சை ஆரம்பிப்பேன். ஆமாம், பெரிதாக எழுதியிருந்தான் என்பார்கள். என்ன எழுதியிருந்தான் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அழுகிற முகத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை மகன் மட்டும் உண்மையைச் சொன்னான். "நீளமா இருந்துச்சு மதினி, பெறகு படிப்போம்னு விட்டுட்டேன்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வேலையாக இருந்தபோது தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தத் தளத்தில் கணக்கு கிடையாது. வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அவரு என்ன எழுதுனாரு மதினி? எங்கிட்ட சொல்ல மாட்டேங்குறாரு. அக்காவுக்குத் தெரியும், போதும்ங்குறாரு."

"அப்பாவப் பத்தித்தான்" என்றேன்.

"இவர ஏர்போர்ட்டுல விட்டுட்டு வந்த பெறகு மாமா ரெண்டு நாளு சாப்புடல மதினி. அதப் பத்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா சாப்பிடாமல் இருந்தது அந்த நிமிடம்தான் எனக்கே தெரியும். கண் எரிந்தது. வெங்காயம் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லுக்கு வந்ததும் என் மகளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவள் கல்லூரியில் படிக்கிறாள். முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது என்று காட்டினாள். அழுத்தினால் நான்கைந்து காரணங்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 'இது என் அப்பா' என்று ஒரு காரணம் அதில் இல்லை. இருப்பதில் ஒன்றைத் தொட்டோம். நான் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. மறுபடியும் பார்த்தோம், முடிவில் மாற்றம் இல்லை என்று இருந்தது.

"அதுக்குள்ளயா பாத்தாங்க?" என்றேன்.

"ஆளு பாக்க மாட்டாங்கம்மா. மிஷினு பாக்கும்."

மிஷின் என்றால் எனக்குத் தெரிந்தது தையல் மிஷின்தான். அது தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். நான் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊரில் இறந்தவர் முகத்தைப் பார்ப்பது மரியாதை, தங்கள் ஊரில் அது பயமாக இருக்கலாம், தெரியாமல் மூன்று முறை போட்டுவிட்டேன், மன்னிக்கவும். படம் வேண்டாம். அதற்குக் கீழே என் தம்பி எழுதியதை மட்டும் கொடுத்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு என்று கையெழுத்தும் போட்டேன். மகள் முதலில் சிரித்தாள். கடைசி வரை படித்த பிறகு சிரிக்கவில்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து, குறை சொல்வதற்கு இருந்த ஒரு பெட்டியில் அனுப்பினாள். அவர்களுடைய மொழியிலும் இரண்டு வரி சேர்த்தாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

"மாமா போன்ல ஏதாச்சும் இருக்கும்மா. அவருகிட்டயே கேட்டுரலாம்" என்றாள் மகள்.

"கேட்டா நான் படிக்கலன்னு தெரிஞ்சுரும்ல."

"தெரிஞ்சா என்னம்மா? அவரு ஒன்னய அடிக்கவா போறாரு?"

நான் மிஷினில் துணியை வைத்து மிதிக்க ஆரம்பித்தேன்.

மகள் அந்தத் தளத்துக்காகவும் பேசினாள். உலகம் பூராவும் சின்னப் பிள்ளைகள் பார்க்கிற இடம், செத்தவர்கள் படத்தை எல்லாரும் போட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்றாள். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. சில நாள் கழித்து ஒரு பெரிய மனிதர் இறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் முகம் அந்தத் தளம் முழுவதும் இருந்தது. கிட்டத்தில் எடுத்தது, தூரத்தில் எடுத்தது, நெற்றியில் சந்தனத்தோடு எடுத்தது. ஒன்றையும் நீக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் அப்பா கத்தரியும் வெங்காயமும் போட்ட ஒரு ஆள், அவர் முகம் யாருக்கு வேண்டும் என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முப்பது நாள் முடிந்து என்னைத் திறந்துவிட்டார்கள். பழையபடி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. மழை பெய்தது என்று எழுதவும் பயமாக இருந்தது. எழுதுவேன், அழிப்பேன். யாரோ ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, முகம் சுளிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. வாய்ப் பேச்சில் எனக்கு இருந்த பயம் முழுவதும் அங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

அப்பாவுக்கு முதல் வருடத் தெவசம் வந்தது. அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த படம், சட்டமிட்டு மாலை போட்டது, அதை மட்டும் போட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்று காட்டியது. முன்பு தப்புச் செய்தவள் என்பதால் இருக்கலாம். மத்தியானம் வரை அப்படியே இருந்தது. நான் மூன்று ஜாக்கெட் தைத்து முடிக்கும் வரை எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். மாலை போட்ட ஒரு விவசாயியின் படத்தைப் போடலாமா வேண்டாமா என்று எங்கோ யாரோ, இல்லை ஏதோ, யோசித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அனுமதி கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்பாவை ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில் உட்கார வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. அன்றே மகளிடம் கணக்கை மூடிவிடச் சொன்னேன்.

"மூடிட்டா எல்லாமே போயிரும்மா. என்னிக்காச்சும் அவங்க அதத் திருப்பித் தந்தாலும் தரலாம். அதுவும் போயிரும். யோசிச்சுக்க" என்றாள்.

மூடினாலும் உடனே போகாது. முப்பது நாள் வைத்திருப்பார்களாம். அதற்குள் மனம் மாறித் திரும்ப வரலாமாம். அந்த முப்பது நாளில் ஒரு பத்துத் தடவையாவது அவளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல நினைத்தேன். ஜாக்கெட் கொடுப்பவர்கள் சிலர், பக்கத்தைக் காணோமே என்று கேட்டார்கள். அத்தை மகன் வேறு ஒரு தளத்துக்கு வரச் சொன்னான். அங்கே இப்படிப் பிடுங்க மாட்டார்கள் என்றான். அங்கே போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் வந்துவிட்டேன்.

முப்பதாவது நாள் தானாகவே முடிந்தது. முந்நூறு பேரும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள்.

நான் மற்றவர்கள் இல்லாமல் பழகிக்கொண்டேன். தம்பி இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. அவன் இன்னும் அந்தத் தளத்திலேயே இருக்கிறான். அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வதாகப் பேசி வைத்துக்கொண்டோம். இரண்டு கூச்சக்காரர்கள் போனில் என்ன பேசுவது. சாப்பிட்டாயா என்பான். சாப்பிட்டேன் என்பேன். வெயில் எப்படி என்பேன். இங்க அம்புட்டு வெயில்க்கா என்பான். பிறகு யார் வைப்பது என்று இருவரும் காத்திருப்போம். ஒரு கட்டைவிரலில் முன்பு நான் தெரிந்துகொண்ட அளவுகூட இந்தப் பேச்சில் எனக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது வருடம் லீவில் வந்தான். அப்பாவை எரித்த இடத்துக்குப் போய்விட்டு வந்தான். திரும்பிப் போவதற்கு நான்கு நாள் முன்னால் திண்டுக்கல்லுக்கு என்னைப் பார்க்க வந்தான். முற்பகல் நேரம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மகளும் இல்லை. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவன் மிஷின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீயைக் குடித்து முடித்தான்.

"அக்கா, அந்த ஏர்போர்ட்டு விசயத்த நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. ஒங்கிட்டகூட நேருல சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.

நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத எடுத்துட்டாங்கன்னதும் மொதல்ல எனக்கு ஆத்திரம்தான். பெறகு, நீ ஒருத்தி படிச்சுட்டேல்ல, அது போதும்னு விட்டுட்டேன்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவன் கேட்டான்.

"நீ என்னக்கா நெனைக்கிற? அப்பா அன்னிக்குச் செஞ்சது சரியா?"

அப்பா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. திட்டினாரா, அடித்தாரா, போகாதே என்று காலைப் பிடித்தாரா, பேசாமல் திரும்பி நடந்தாரா, எதுவும் தெரியாது. இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு, "அப்பா பாவம்ப்பா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாவமா" என்றான். கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. டம்ளரைக் கொண்டு போய்க் கழுவி வைத்தான். "சரிக்கா, செம்பட்டி பஸ்ஸு போயிரும், வாரேன்" என்று கிளம்பினான். தெருமுனை வரை கூடப் போனேன். ஆட்டோவில் ஏறும்போது சிரித்தான். நான் சொன்னது அவனுக்கு ஆறுதலாக இருந்ததா, அவன் மனதைப் புண்படுத்தியதா என்று அந்தச் சிரிப்பில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் போய் இப்போது ஏழு மாதம் ஆகிறது. இதையெல்லாம் அவன் படிக்கப் போவதில்லை. அவனுக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. மகள் இன்னமும் சொல்லிவிடச் சொல்கிறாள். தப்பு எங்கள் இருவர் மேலும் இல்லையே, யாரோ செய்ததுதானே என்கிறாள். வெள்ளிக்கிழமை போன் வரும்போது சொல்லிவிடலாம் என்று நானும் சில வாரம் நினைப்பேன். என் தம்பி தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனதைத் திறந்து எழுதினான். அதைப் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு அந்த வெயிலில் வேலை பார்க்கிறான். நான் உண்மையைச் சொன்னால், அந்த ஒருத்தியும் இல்லை என்று ஆகிவிடும். அதனால் சொல்லாமல் இருக்கிறேன்.